நம்பியாத்துக் கரையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். போன் இருக்கும்போது லெட்டர் எதுக்குன்னு கேப்ப. போன் போட்டா "அகழாய்வுக் குழியில இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்"னு வச்சிடுற. அந்த அப்புறம் இன்னும் வரல. தம்பி எழுதித் தரேன்னான். நானே எழுதிக்கிறேன்னுட்டேன்.

திருப்புவனத்துல விடாம மழை. உங்க பக்கமும் மழைதான்னு செய்தியில சொல்றான். மழை விட்ட கையோட குழிக்குள்ள இறங்காத. பாக்குறதுக்குக் காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள தண்ணியக் குடிச்சிட்டு நிக்கும். குழிக்கும் குழிக்கும் நடுவுல விடுற வரப்புல மயிரளவு வெடிப்பு தெரிஞ்சாலும் கிட்டப் போகாத. வெட்டின மண்ணை விளிம்புலயே குமிக்க விடாத, தள்ளிக் கொட்டச் சொல்லு. காலையில தார்ப்பாயைக் கம்பால தட்டிட்டுத் தூக்கு, பூச்சி பொட்டு படுத்திருக்கும். உங்க பெரியப்பா கிணறு வெட்டப் போனது உனக்குத் தெரியாததா?

கீழடியில அந்தக் கரித்துண்டு எடுத்தது 353 சென்டிமீட்டர் ஆழத்துல. அமெரிக்காவுக்கு அனுப்பி அதோட காலம் கி.மு. 580ன்னு முடிவு வந்ததும் ஊரே அதைத்தான் பேசுச்சு. எனக்கு 353தான் மனசுல நின்னுச்சு. ரெண்டு ஆள் ஆழம். மனுஷன் கை படாத கன்னிமண்ணு தெரியுற வரைக்கும் தோண்டணும்னு நீதான் சொன்ன. அது எத்தனை அடியில வரும்னு யாரு கண்டா? அதுவரைக்கும் பெத்த பிள்ளை அடியில அளவு நாடாவோட நின்னா எனக்குச் சோறு இறங்குமா?

கீழடி பள்ளிச்சந்தைத் திடல் தோப்புல மண்சட்டி சுமந்தவதான் நானும். சல்லடை பிடிச்சிருக்கேன், பானை ஓடு கழுவியிருக்கேன். ஆனா எனக்கு மண்ணுன்னா மண்ணுதான். நீ காலேஜ் லீவுல வந்து குத்தவச்சு உக்காந்து கொத்துக்கரண்டியால சுரண்டிக்கிட்டே, "சத்தம் மாறுது பாரும்மா"ன்ன. கேட்டுப் பாத்தேன். அதுவரைக்கும் கரண்டியில ஒட்டிக்கிட்டு வந்த களி போயி சரக்சரக்குன்னு உதிருது. மேல தண்ணி தெளிச்சதும் வட்டமா கருப்பு தெரிஞ்சுச்சு. அந்தக் காலத்து ஆளு தோண்டி மூடின குழின்னாங்க. அதுக்குள்ள இருக்குறதைத் தனியா எடுக்கணும், சுத்தி இருக்குற மண்ணோட கலந்துட்டா எது எந்தக் காலம்னே சொல்ல முடியாதுன்னு நீ சொல்லி வாயை மூடல, மேற்பார்வை பாத்த சார் அதையே சொன்னாரு. சொல்லிட்டு உன்னைத் திரும்பிப் பாத்தாரு பாரு, அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

உங்கப்பா கேக்கவே வேணாம். "நான் கீழருந்து மேல தூக்குக்குண்டு பிடிக்கிறேன், அவ மேலருந்து கீழ பிடிக்கிறா, ரெண்டு பேர் சுவரும் கோணாது"ன்னு டீக்கடையில சொல்லிட்டு வர்றாரு. தன் குண்டை உன்கிட்டக் குடுத்துட்டு இரவல் குண்டுலதான் வேலை ஓடுது. அந்த மனுஷனுக்கு ஒரு போன் போட்டா என்ன? தீபாவளிக்கு வந்தும் கறியைத் தொடல, ரெண்டு வார்த்தை பேசல, ஓடினவதான்.

உங்க அத்தை வந்திருந்தா. "ரெண்டு டிகிரி படிச்சிட்டு மண்ணு அள்ளுறா"ன்னா. எனக்கு வந்துச்சே கோபம். ஒரு பாசிமணி கிடைச்சா நீளம், அகலம், ஆழம் மூணையும் அளந்து குறிச்சிட்டுத்தான் இடத்தை விட்டு எடுக்கணும். கவர் மேல ஊரு, குழி எண்ணு, குழியை நாலாப் பிரிச்சதுல எந்தப் பகுதி, எந்த மண்ணடுக்கு, எத்தனை ஆழம், தேதி எல்லாம் எழுதணும். ஒரு எண்ணு மாறிப் போனாலும் அந்த மணி எங்கிருந்து வந்ததுன்னே தெரியாமப் போயிடும், உன்னால இது ஆகுமான்னு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி, சம்பளம் எவ்ளோ, வருஷம் பூரா உண்டா?"ன்னா. வாயை மூடிக்கிட்டேன்.

மேலத்தெருப் பையன் போன வாரம் பெட்டியோட வந்துட்டான். குழியெல்லாம் மூடியாச்சாம், இனிமே தை பொறந்துதான் வேலையாம். உன்னைக் கேட்டேன். "அக்கா அங்கதான் இருக்காங்க"ன்னு சொல்லிட்டுக் காலைப் பாத்துக்கிட்டு நின்னான்.

உனக்கு வேற வேலை இருக்கும். பானை ஓட்டைக் கழுவிக் காயவச்சு கருப்பு சிவப்பு கலந்தது தனி, சிவப்பு மட்டும் தனின்னு பிரிக்கணும், வாய் விளிம்பு இருக்குற ஓட்டுத்துண்டையெல்லாம் படம் வரையணும், பதிவேடு எழுதணும். அது குழி வேலையைவிட இழுக்கும். உங்கப்பாகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அன்னைக்கு நீ போனை வைக்கும்போது பின்னால யாரோ "அக்கா, பில்லு"ன்னு கூப்பிட்டாங்க. அதை அவருகிட்டச் சொல்லல.

ஒண்ணாம் தேதி பணம் வந்துச்சு. எப்பவும் போல முழுசா. மகளிர் குழுக் கடன் இந்த மாசத்தோட தீர்ந்துச்சு. இனிமே எனக்கு மாசா மாசம் ஒண்ணும் தேவையில்ல, தை வரைக்கும் அனுப்பாத. ரேஷன் அரிசியும் இருக்கு, பெரியம்மா குடுத்த நெல்லும் இருக்கு. அங்க ரூம் வாடகை வேற குடுத்துக்கிட்டு எதுக்கு? படம் வரையுறதா இருந்தா அந்தத் தாளையெல்லாம் இங்க கொண்டு வந்து வரை, மச்சு ரூமைக் கூட்டி வச்சிருக்கேன். அத்தை வந்தா நான் பேசிக்கிறேன்.

பஸ் ஏறும்போது சொல்ல வேணாம், மாட்டுத்தாவணியில இறங்கிப் போன் போடு. எத்தனை மணி ஆனாலும் அப்பா வண்டி எடுத்துட்டு வருவாரு. அதுவரைக்கும் குழி விளிம்புல நிக்காத.

இப்படிக்கு,
அம்மா