பார்வைக் குறைவும் துப்பாக்கி சுடுதலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வை சற்றுக் குறைந்தவர்கள் தொலைநோக்கி பொருத்தாத ரைஃபிளில் துல்லியமாகச் சுட முடியாது என்ற எண்ணம் விளையாட்டு ஆர்வலர்களிடையே பரவலாக உள்ளது. அது முழுவதும் சரியன்று.

எந்தக் கண்ணும் ஒரே நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே கூர்மையாகக் காணும் என்பதால், குறிபார்க்க உதவும் பாகங்களான பின் சைட் (கண்ணருகே இருப்பது), முன் சைட் (குழல் முனையில் இருப்பது), இவற்றோடு இலக்கு ஆகிய மூன்றில் முன் சைட்டே தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கிய கருவட்டமாகத் தெரிந்தாலும் அதன் நடுவைக் கண் ஓரளவு சரியாகவே கணித்துவிடும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அந்த முன் சைட்டே கலங்கித் தெரிவதுதான் உண்மையான தொல்லை. தூரப் பார்வைக்கான பவருடன் பெரும்பாலும் +0.50 அல்லது +0.75 டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) சேர்த்து, சுடும் கண்ணுக்கென ஒற்றைப் பவர் லென்ஸைக் கண் மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். இருபார்வைக் கண்ணாடி இங்கே உபத்திரவம்தான். கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் பதித்ததும் பார்வை லென்ஸின் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

பின் சைட் சிறு துளையுள்ள வகையாக இருந்தால் இன்னும் நல்லது. துளை சிறுக்கச் சிறுக்கத் தெளிவு கூடும். அளவு மீறிச் சிறுத்தால் வெளிச்சம் போதாது. மறு கண்ணை இறுக மூடினால் சுடும் கண்ணும் சேர்ந்து இடுங்கும் என்பதால், அந்த மறு கண்ணின்முன் ஒளி கசியும் வெண்ணிற மறைப்பை வைத்துக்கொள்வதே மேல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்