சுளகு

ஏல மாப்ள,

ஆச்சி போய் நாலு மாசமாச்சு. நான் வாட்ஸப்புல அனுப்பினது ஒரே ஒரு வரி. பரீட்சைன்னு சாக்குச் சொன்னேன். பரீட்சை முடிஞ்சும் போன் பண்ணல. மறுபடி வாட்ஸப்புல மூஞ்சியைக் காட்ட வெக்கமா இருக்கு, அதான் பேனா. அத்தை, மாமா சௌக்கியந்தானே? ஏசுறதுக்கு முன்னால இதைக் கேட்டுக்கோ.

எங்க காம்பஸ்ல ஓவியம் படிக்கிற பிள்ளைக ஒரு கண்காட்சி வச்சாங்க. கருத்துருக் கலையாம். பொருள் முக்கியமில்ல, அதுக்குப் பின்னால இருக்கிற யோசனைதான் கலைங்கிற கட்சி. ஹாஸ்டல்ல கரண்ட் இல்ல, அங்க ஏசி ஓடுச்சு, போனேன். வாசல்லயே 1917ல டூஷாம்ப்னு ஒரு கலைஞர் ஒரு மூத்திரக் கோப்பையில கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பின கதை. அடுத்து, கட்டெலான்னு இன்னொரு கலைஞர் டேப் போட்டுச் சுவத்துல ஒட்டின வாழைப்பழம். 2024ல ஏலத்துல 62 லட்சம் டாலருக்குப் போச்சாம். மாமா தாருக்கு விலையில்லைன்னு புலம்புதாருல்லா, ஒரு சுருள் டேப் வாங்கிக் குடு.

சிரிச்சுக்கிட்டே போனவன் ஒரு மூலையில நின்னுட்டேன். ஸ்டூல் மேல ஒரு சுளகு. சுவத்துல அதே சுளகோட போட்டோ. பக்கத்துல அகராதியில இருந்து எடுத்துப் பெரிசாக்கின வரி: ‘சுளகு: முறம்’. 1965ல ஜோசப் கோசுத்னு ஒரு கலைஞர் ஒரு நாற்காலி, அதோட போட்டோ, அகராதி விளக்கம் மூணையும் இப்படித்தான் வச்சாராம். இதுல எது நாற்காலின்னு நீயே சொல்லுங்கிற கதை. எந்த ஊர்ல வச்சாலும் நாற்காலியை அங்க வச்சே போட்டோ பிடிச்சு மாட்டணுமாம். சுளகை வச்ச பிள்ளையும் அதே மாதிரி ஸ்டூலோட சேத்துப் பிடிச்சிருந்தா.

மாப்ள, அது பனையோலைச் சுளகு. காகிதக் கூழும் வெந்தயமும் அரைச்சுப் பூசினது. ஒரு ஓரம் பிஞ்சு, நீல நைலான் நூலால தச்சிருந்தது. குனிஞ்சு மோந்தா லேசா வெந்தய வாசம். கை சும்மா இருக்குமா? எடுத்து ரெண்டு தட்டு தட்டிட்டேன். வாட்ச்மேன் கத்த, அந்தப் பிள்ளை ஓடி வந்தா. சட்டையைப் பிடிப்பான்னு பாத்தா, “உங்களுக்குப் புடைக்கத் தெரியுமா?”ங்கா. பழைய சாமான் கடையில வாங்கினாளாம்.

தெரியும்னு வாய் சொல்லிட்டு. கேன்டீன்ல இருந்து ஒரு படி அரிசி வந்துட்டு. ஆச்சி தட்டினா வளையலும் சேந்து தட்டும், உமி முன்னால பறக்கும், கல்லு தனியா ஒதுங்கும். நான் மூணே தட்டுல முக்காப் படியைத் தரையில கொட்டினேன். அதுவும் கலைன்னு நெனச்சு நாலு பேரு போட்டோ எடுத்தானுக.

முட்டி போட்டு அரிசியை அள்ளிக்கிட்டிருக்கும்போது நெஞ்சை என்னமோ பண்ணிட்டுல. அத்தனை வருசம் உங்க வீட்டுத் திண்ணையிலதான் கெடந்தோம். ஒரு நாளாவது அதைக் கையில வாங்கிப் பாத்தோமா? கோழி கேஸ்ல முதுகுல விழுந்ததோட சரி. இப்பக் கத்துக்கிடலாம்னா ஆச்சி இல்ல. போனப்பக்கூட நான் வரல.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால தொங்கினது இன்னும் கெடக்கான்னு அத்தைட்ட கேளு. யாருக்கும் தூக்கிக் குடுத்திராதீக. வெள்ளிக்கிழமை செந்தூர் எக்ஸ்பிரஸ்ல வாறேன். சனிக்கிழமை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டா. ஏசுறதை வழியிலயே ஏசி முடிச்சிரு, அத்தை முன்னால வேண்டாம்.

கொக்கு