டிரையரைக் கவனியுங்கள்

ஐயா,

ஆலையில் கரண்ட் போனால் எல்லாம் கைமீறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். குழாயில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வால்வுகளோடு 30 வருடம் மல்லுக்கட்டியவன் நான். பெரும்பாலான வால்வுகளை நகர்த்துவது கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் காற்றுதான். 3 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் டயாஃப்ரம் என்ற வளையும் சவ்வைத் தள்ளும்; எதிரே ஸ்பிரிங். கரண்ட் போய்க் காற்று நின்றால் ஸ்பிரிங் ஜெயிக்கும்: எரிபொருள் வால்வு மூடிக்கொள்ளும், குளிர்நீர் வால்வு திறந்துகொள்ளும். அப்படிப் பார்த்துத்தான் பொருத்துவோம்.

காற்றில் ஈரம் சேர்ந்தால் கதையே வேறு. ஒரு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் பழுதாகி, வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று பார்த்துக் காற்றை அனுப்பும் பொசிஷனரின் ஊசித்துளை நாஸிலில் தண்ணீர் ஏறி, பாய்லர் தண்ணீர் வால்வு பாதியில் நின்றுவிட்டது. இரவு 2 மணி வரை கைச்சக்கரத்தைப் பிடித்தபடி நின்றேன். (மறுநாள் தோள் தூக்க முடியவில்லை.) கம்ப்ரஸர் வாங்கப் பணம் இருக்கும், டிரையரைப் பராமரிக்க மட்டும் இருக்காது! ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் காற்றை வடிகட்டி அழுத்தத்தைச் சீராக்கும் ஃபில்டர் ரெகுலேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகை ஒருமுறை திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கட்டும்.

— ஓய்வு பெற்ற இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், சென்னை