நரி முகத்தில் விழித்த பொங்கல்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் தை பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத மாசி ஆகிவிட்டது. திட்டாதே. முழங்கால் வலிக்கு எண்ணெய் கட்டினாயே, குறைந்ததா? இளையவனுக்குப் பார்த்த இடம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆட்டுக் கணக்கு மட்டும் அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய்.

வங்காநரி பற்றி எழுதியதைப் படித்ததும் வாழப்பாடிப் பக்கத்துப் பொங்கல் எல்லாம் கண்முன் வந்துவிட்டது. வலையோடு கரட்டைச் சுற்றி வளைத்துப் பிடித்து, மேளதாளத்தோடு ஊர்வலம் கொண்டுபோய், எல்லோரும் அதன் முகத்தில் விழித்து, பிறகு காட்டிலேயே விட்டுவிட்டு வருவோமே! சட்டத்துக்குப் பயந்து உன் வீட்டு வலை பரணில் கிடக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறாய். கிடக்கட்டும். அந்த நரி நம்மிடம் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது.

"நீ இருக்கும் ஊரில் பனியிலேயே நரி பிடிக்கிறார்களாமே, எப்படி?" என்று கேட்டிருந்தாய். எட்டு வருடமாகக் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருந்தும் எனக்கே போன குளிர்காலம் வரை தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பக்கத்துப் பண்ணைக் கிழவரோடு ஒட்டிக்கொண்டேன். எழுபத்தெட்டு வயது. கோதுமை நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பொறி வைப்பதே வேலையாக இருக்கிறார். உரிமம் அவர் பெயரில். நான் பை தூக்கும் ஆள்.

இங்கே இரண்டு வகை. ஒன்று செந்நரி, ஐந்தாறு கிலோதான் இருக்கும், வாலோ உடம்பில் பாதிக்கும் மேல் இருக்கும். இன்னொன்று கயோட்டி. ஓநாய்க்கும் நம் ஊர் நரிக்கும் நடுவில் ஒரு உருப்படி, பதினைந்து கிலோ வரை வரும். நகரத்தார் 'கயோட்டி' என்பார்கள். கிழவரைப் போன்ற பண்ணைக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கி 'கையோட்' என்றுதான் சொல்வார்கள். ஆளின் வாயைத் திறக்க வைத்தால் எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிடும்.

பனியில் பொறி வைப்பது நரியோடு நடக்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை, பனிக்கட்டியோடு நடக்கும் சண்டை. காலைக் கவ்வும் இரும்புப் பொறியை மண்ணில் ஒரு அங்குலம் புதைத்து மேலே மண் தூவ வேண்டும். அந்த மண்ணில் சொட்டு ஈரம் இருந்தாலும் இரவில் கல்லாகிவிடும். பிறகு யானை ஏறினாலும் பொறி விழாது. போதாததற்கு எங்கள் தென்மேற்குப் பக்கம் ஷினூக் என்று ஒரு காற்று உண்டு. ராக்கி மலையிலிருந்து இறங்கி வரும் வெதுவெதுப்பான காற்று. உறைந்து கிடக்கும் ஊர் மதியத்துக்குள் சொதசொதவென்று இளகிவிடும், இரவு மறுபடி இறுகிவிடும். ஊரே மகிழும் நாளில் கிழவர் மட்டும் வானத்தைப் பார்த்து முணுமுணுப்பார்.

அதற்கு அவர் செய்யும் வேலை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த மண்ணைச் சலித்து, கறுப்புத் தார்ப்பாயில் பரப்பி, மெழுகுத் துருவலைத் தூவி, வெயிலில் கிளறிக்கொண்டே இருக்கிறார். மெழுகு உருகி மண்துகள் ஒவ்வொன்றிலும் ஏறிவிடுகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் சேம்பிலையில் ஊற்றியது போல உருண்டு ஓடுகிறது. ஈரம் ஏறாத மண் எப்படி உறையும்? பொங்கலுக்கு அரிசி புடைப்பது போல ஒரு கிழவர் கோடை வெயிலில் மண் புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, மனிதருக்கு மறதி நோய் வந்துவிட்டது என்றுதான் நானும் என் மனைவியும் பேசிக்கொண்டோம்.

பொறியையும் சும்மா வைப்பதில்லை. மரப்பட்டைச் சாயத்தில் கொதிக்க வைத்து, மெழுகில் முக்கி, அதன்பின் வெறுங்கையால் தொடுவதே இல்லை. ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை. எங்கே வைப்பது என்பதில்தான் அனுபவம். பள்ளத்தில் பனி குவியும்; காற்று பெருக்கித் தள்ளிய மேட்டில் புல்நுனி தெரியும். அந்த மேட்டில் ஒரு புல் குத்தடியில், நரி எலியைப் பதுக்கி வைத்தது போல ஒரு சிறு வளை தோண்டி, உள்ளே இறைச்சித் துண்டு வைத்து, வாயில் பொறி. குளிரில் வாசனை எழும்பாது. அதனால் ஸ்கங்க் என்ற விலங்கு பீச்சியடிக்கும் திரவத்தில் ஒரு துளி. அந்த நாற்றத்தை உனக்கு எப்படிச் சொல்வது? டயரை எரித்து அதில் பூண்டு வதக்கியது போல. மூன்று நாள் திண்ணையில்தான் சாப்பிட்டேன் என்று எழுத ஆசை, ஆனால் இந்தக் குளிரில் திண்ணைக்குப் போனால் சாப்பாடு தொண்டையிலேயே உறையும். கார்க் கொட்டகையில் உடை மாற்றிக்கொண்டு வந்தேன்.

எனக்கு மிகப் பிடித்தது தடத்துப் பொறி. ஆழமான பனியில் கயோட்டி நடந்த தடத்திலேயே திரும்பவும் நடக்கும். முன்கால் பதிந்த குழியிலேயே பின்கால் பதியும். புதிய பனியில் நடந்தால் வயிறு தட்டும், அதற்கும் சோம்பல் உண்டு. கிழவர் பக்கவாட்டில் மண்டியிட்டு, நீளக் கைப்பிடி உள்ள மரக்கரண்டியால் ஒரு காலடிக் குழியின் பனியைக் கிண்ணம் போலத் தோண்டி எடுப்பார். அடியில் காய்ந்த பதர். மெழுகுத்தாள். பொறி. மேலே இன்னொரு மெழுகுத்தாள். பிறகு சல்லடையால் மாவு சலிப்பது போலப் பொடிப் பனியைச் சலித்து மூடுவார். வேகம் முக்கியம், கிளறிய பனி கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் தானாக ஒட்டி இறுகிவிடும். எல்லாம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுப்பார். பழைய கயோட்டி ஒன்றின் காய்ந்த பாதம். அதை முத்திரை குத்துவது போல மேலே அழுத்தித் தடத்தைத் திரும்பப் பதித்துவிடுவார். எனக்கு நம் சந்தையில் நரிக்கொம்பு விற்றவர்கள் ஞாபகம் வந்துவிட்டது. அவர்களுடையது அதிர்ஷ்டத்துக்கு, இவருடையது வேலைக்கு.

ஒரு நாள் நீயே வை என்று வைக்கோல் உருளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பொறியைக் கொடுத்தார். அரை மணி நேரம் வைத்தேன். மெழுகுத்தாளை மட்டும் கையுறைக்குள்ளேயே மறந்துவிட்டேன். அன்று ஷினூக் அடித்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பொறியின் தட்டுக்கு நேர் மேலே, விரல் நான்கும் நகம் நான்கும் தெளிவாக, ஒரு பாதம் பதிந்திருந்தது. அடியில் பொறி இட்லித்தட்டு போல உறைந்து கிடந்தது. நின்றதோடு விடவில்லை, பக்கத்திலேயே மலம் கழித்துவிட்டும் போயிருந்தது. கிழவர் அதையும் பையில் எடுத்துக்கொண்டார். அடுத்த பொறிக்கு வாசனையாம்.

செந்நரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனிக்கு அடியில் எலி ஓடும் சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டு, அம்பு போல எகிறித் தலைகீழாகப் பனிக்குள் குத்தும். வால் மட்டும் வெளியே ஆடும். செக் நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், பெரும்பாலும் வடகிழக்கு நோக்கிப் பாய்கின்றன, அந்தத் திசையில் பாயும்போதுதான் எலி அதிகம் சிக்குகிறது என்று எழுதினார்கள். பூமியின் காந்தப்புலத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன என்பது அவர்கள் ஊகம். ஈசானிய மூலை! உன் வாஸ்துக்காரரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். தோலுக்கு. டிசம்பரில் முடி அடர்ந்து மிருதுவாக இருக்கும். பிப்ரவரியில் இணைசேரும் காலம் வந்துவிட்டால் உராய்ந்து கொட்டத் தொடங்கும். குளிருடையின் தொப்பி விளிம்பில் கயோட்டி முடி வைத்துத் தைப்பார்கள். முகத்தில் காற்று அறையாது. குளிருடை தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம் இனி விலங்கு முடி வாங்குவதில்லை என்று 2021இல் அறிவித்தது. கிழவர் அதை ஒரு தோள்குலுக்கலில் முடித்துக்கொண்டார். கன்று ஈனும் பருவத்தில் கயோட்டி கூட்டமாகச் சுற்றுவதைப் பண்ணைக்காரர்கள் பொறுப்பதில்லை, அவர்கள்தான் இப்போது இவரைக் கூப்பிடுகிறார்கள். இதே மாகாணத்தில் 2009 - 10 குளிர்காலத்தில் ஒரு கயோட்டிக்கு 20 டாலர் என்று அரசே பரிசு வைத்தது. 71 ஆயிரத்துக்கும் மேல் கொன்றார்கள். இன்றைக்கும் இரவில் என் வீட்டுப் பின்புறம் அவை ஊளையிடுகின்றன.

பல் வைத்த பொறியெல்லாம் இப்போது இல்லை. கனடாவும் ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 1990களின் கடைசியில் ஒப்பந்தம் போட்டு, விலங்கு படும் வேதனைக்கு அளவுகோல் வைத்தன. கிழவருடைய பொறித் தாடைகளுக்கு இடையே ஒரு சிறு இடைவெளி விட்டிருக்கும், எலும்பு முறியக்கூடாது என்பதற்காக. தினமும் விடியற்காலையில் எல்லாப் பொறியையும் பார்த்துவிடுவார், காய்ச்சலில் கூட ஒரு நாள் தவறவிட்டதில்லை. இருந்தாலும் வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் எழுத மாட்டேன்.

பொங்கலன்று பார்த்தேன். மைனஸ் முப்பத்திரண்டு. மேட்டுப் பொறியில் ஒரு கயோட்டி. அது இழுக்கவில்லை, உறுமவில்லை. மீசை முடியெல்லாம் வெள்ளைப் படிகம் பூத்திருக்க, பனியில் உட்கார்ந்து எங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் கண். "நீ வண்டிக்குப் போ" என்றார் கிழவர். நான் போவதற்கு முன் அது ஒருமுறை என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். வண்டிக் கதவைச் சாத்தியும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. திரும்பும் வழியில் இருவரும் பேசவில்லை. அவர் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றி முதலில் எனக்குக் கொடுத்தார்.

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பாளே உன் பாட்டி. பொங்கலன்றே விழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் குழாய் உறைந்து வெடித்து, பொங்கல் பானைக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி சாக்கைப் போட்டு அடைத்துக்கொண்டே, "எங்கே போய்த் தொலைந்தீர்கள்?" என்றாள். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பின் இரண்டு வாரம் நான் போகவில்லை. மூன்றாவது வாரம் கிழவர் வாசலில் வந்து ஹாரன் அடித்தார், பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன். நாளையும் போகிறேன்.

இளையவன் விஷயத்தை மறக்காமல் எழுது. அந்த வலையை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பங்காளி