நீ விட்டுப்போன புத்தகம்

சேலம்,
ஆனி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பிய மல்கோவாப் பெட்டி திரும்பி வந்துவிட்டது. கதவு எண்ணை நான்தான் மாற்றி எழுதியிருப்பேன். ஒன்பது பழத்தில் நாலு அடிபட்டுவிட்டது. மீதியை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். வீட்டு விலாசம் எழுதி அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு. ஏழு வாரமாக "பிஸிப்பா" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுப்போன, ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபரின் புத்தகத்தை அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் நீ பென்சிலால் ரெண்டு கோடு போட்டிருக்கிறாய். சொத்துசுகக் கவலை எப்போது வேண்டுமானாலும் உதறிவிடக்கூடிய மெல்லிய மேலாடையாகத் தோளில் கிடக்க வேண்டும் என்று பாக்ஸ்டர் என்ற ஆங்கிலப் பாதிரியார் போதித்தார், அது இரும்புக் கூண்டாகிவிட்டது என்று வருமே, அந்த இடம். 'இரும்புக் கூண்டு' என்பது 1930இல் ஆங்கிலத்தில் பெயர்த்த பார்சன்ஸ் போட்ட சொல். ஜெர்மனில் இருப்பது எஃகுபோல் கெட்டியான ஓடு. உருக்காலையில் காலம் தள்ளியவனுக்கு இது பெரிய வித்தியாசம். கூண்டுக்குக் கதவு இருக்கும். ஓடு உடம்போடு சேர்ந்து வளர்கிறது.

யார் கரையேறுவார் என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்று கால்வின் வழி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் நம்பினார்கள். தான் எந்தப் பக்கம் என்று தெரியாத பயத்தில், ஓயாத உழைப்பையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். நாளடைவில் பக்தி கழன்றது, உழைப்பு மட்டும் தங்கிவிட்டது. நம் வீட்டிலும் கிட்டத்தட்ட அதுதான். 1944இல் இதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமான கதையைத் தாத்தா சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடம். சாமி படத்தை இறக்கிய இடத்தில் அவர் வேலையை வைத்தார். அப்பாயி மட்டும் ஆடி வந்தால் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்து திண்ணையில் காலை நீட்டி உட்காருவாள். அந்தக் கால் நீட்டல் எங்கள் யாருக்கும் வரவில்லை.

வெபர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஒரு மோர்கன் (அது பழைய ஜெர்மன் நில அளவு) அறுக்க 1 மார்க் கூலி என்றபோது நாளுக்கு இரண்டரை மோர்கன் அறுத்தவன், கூலியை 1.25 ஆக்கியதும் இரண்டோடு நிறுத்திக்கொண்டான். இரண்டரை மார்க் அவனுக்குப் போதும். முதலில் படித்தபோது சோம்பேறி என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்று, எனக்குத் தெரிந்தது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டைச் சூடில்லாமல் மில்லில் உருட்ட உருட்ட மெலியும், கூடவே இறுகும். அனீலிங் செய்யாமல், அதாவது நடுநடுவே சூடேற்றி இளக்காமல், மேலும் மேலும் உருட்டினால் ஓரத்தில் மயிரிழையாக வெடிப்பு விடும். தகட்டில் குறை இல்லை. உள்ளே கிரெய்ன் என்கிற உலோகப் படிகத் துணுக்கெல்லாம் நசுங்கி நீண்டு, அசைய இடமில்லாமல் நிற்கிறது. 1,050 டிகிரி வாக்கில் சூடேற்றினால் புதுக் கிரெய்ன் உண்டாகி மறுபடி வளைந்துகொடுக்கும். ஆனால் உலையை விட்டதும் சட்டென்று குளிர வைக்க வேண்டும். 850க்கும் 450க்கும் நடுவே மெதுவாக இறங்கினால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கிரெய்ன் விளிம்பில் ஒதுங்கிவிடும். 18 சதவீதம் குரோமியம் இருந்தும் அங்கேதான் அரிக்கத் தொடங்கும். அதனால் சொல்கிறேன், ஓய்வென்றால் முழுசாக எடு. போனைப் பார்த்தபடி, வேலையும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் நடுவில் கிடக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

வெபர் 1897இல் தன் அப்பாவோடு சண்டை போட்டார். சமாதானம் ஆகுமுன்னே அந்த ஆகஸ்டில் அப்பா இறந்துபோனார். பிறகு வெபரால் படிக்கவும் முடியவில்லை, பாடம் நடத்தவும் முடியவில்லை. 1903இல் ஹைடல்பர்க் பேராசிரியர் வேலையை விட்டார். நீ கோடு போட்ட வரிகளை எழுதியது அதற்குப் பிறகு, 1904, 1905இல்.

பத்தாம் வகுப்பில் உனக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? "எழுந்திரிக்க முடியலப்பா" என்றாய். நான் தலையணையை நிமிர்த்தி வைத்து, ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தேன். நீ எழுதி முடித்தாய். என் பெண் காய்ச்சலிலும் எழுதுவாள் என்று ஷிப்டு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கும் போனில் என் முதல் கேள்வி "வேலை எப்படிப் போகுது" என்பதுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மாதான் கேட்கிறாள். நான் செய்தது தப்பு கண்ணு. பெரிய தப்பு.

ஆடியில் நம்மூர் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைத் திருவிழாவுக்கு வா. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் வந்தாலும் சரி. எந்த ராத்திரியானாலும் புது பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறேன். பானைக்குள் இருக்கும் அஞ்சு பழமும் இன்னும் நாலு நாள் தாங்கும்.

அன்புடன்,
அப்பா