எல்லாம் நரியாக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பில் பழத்தோட்டங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், டுரியான் பூக்கும் காலத்தில் இரவு நேரங்களில் 'பறக்கும் நரிகள்' மரங்களை நாடி வருவதாக எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை நான் உரக்கப் படித்தபோது, பசியாற மேசையில் எதிரே அமர்ந்திருந்த என் மனைவி, "நரிக்கு எப்போது இறக்கை முளைத்தது?" என்று கேட்டார். அது நரியன்று, பழந்தின்னி வௌவால். முகம் நரியின் முகத்தைப் போல நீண்டிருப்பதால் ஆங்கிலேயர் அதற்கு 'ஃபிளையிங் ஃபாக்ஸ்' என்று பெயரிட்டனர். மலாய்க்காரர்கள் அதைக் 'கெலுவாங்' என்கிறார்கள். ஜொகூரில் உள்ள குளுவாங் நகரின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

இதைச் சிறு பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 1998-99 ஆம் ஆண்டுகளில் நம் மலேசிய நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிப்பா கிருமி இந்த வௌவால்களின் உடலில் தங்கி வாழ்வது; அவை கடித்துப் போட்ட பழங்கள் வழியாகவே பன்றிப் பண்ணைகளுக்குப் பரவியதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நாளை மீண்டும் அப்படியொரு செய்தி வந்து, அதிலும் 'பறக்கும் நரி' என்றே அச்சாகுமானால், கொல்லையில் கொய்யா மரம் வைத்திருக்கும் பாட்டி எதைக் கண்டு விலகி நிற்பார்?

அதே இதழின் சமையல் பகுதியில் 'நரிவால் தானியக் கஞ்சி' என்றொரு குறிப்பும் இருந்தது. 'ஃபாக்ஸ்டெயில் மில்லட்' என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். கதிர் வளைந்து, மயிரடர்ந்து, வாலைப் போலத் தொங்குவதைப் பார்த்து ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நமக்கோ அது தினை. வள்ளி காவல் காத்த புனத்தில் விளைந்ததும், முருகனுக்குத் தேனோடு பிசைந்து படைப்பதும் அதுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் பினாங்குத் தமிழரிடம் போய் 'நரிவால் தானியம்' என்றால் அவர் என்ன நினைப்பார்? நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை நாம் அறிவோம். இங்கே தினையும் வௌவாலும் அல்லவா நரியாகி ஊளையிடுகின்றன!

வேறு சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். 'ஃபாக்ஸ்ஹோல்' என்பது போர்க்களத்தில் வீரர் ஓரிருவர் மறைந்திருக்கத் தோண்டும் பதுங்குகுழி. அதை 'நரிக்குழி' என்று எழுதத் தேவையில்லை. 'விக்ஸன்' என்பது பெண் நரிதான். தென் இங்கிலாந்து வட்டார வழக்கில் முதல் எழுத்தின் ஒலி திரிந்ததால் ஃபாக்ஸ் அதற்குள் ஒளிந்துகொண்டது. ஆனால் அச்சொல்லால் ஒரு பெண்ணை ஏசும்போது அதன் பொருள் அடங்காப்பிடாரி என்பதே. பழைய தாளில் படியும் செம்பழுப்புப் புள்ளிகளுக்கு 'ஃபாக்ஸிங்' என்று பெயர். என் தந்தையார் விட்டுச்சென்ற அகராதியில், அட்டையைத் திறந்ததும், தேயிலைச் சாறு தெறித்தது போன்ற அந்தப் புள்ளிகள் ஓரத்தில் தொடங்கி நடுப்பக்கம்வரை ஏறியிருக்கின்றன. பூஞ்சையும் தாளில் கலந்த இரும்புத் துகளும் ஈரக்காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை என்கிறார்கள். பினாங்கின் புழுக்கத்தில் எந்தப் புத்தகம்தான் தப்பும்? அதைத் தமிழில் 'பழுப்புப் புள்ளி' என்றாலே விளங்கிவிடும்.

தமிழிலும் நரியின் பெயரைச் சுமந்த செடிகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. நரிப்பயறு இருக்கிறது, நரிவெங்காயம் இருக்கிறது. இதில் ஒரு வியப்பு என்னவென்றால், 1785ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் நூலெழுதி விளக்கிய 'ஃபாக்ஸ்குளோவ்' செடியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது, நம் நரிவெங்காயமும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஃபாக்ஸ்குளோவ் இனத்திலிருந்து எடுக்கப்படும் டிகாக்சின் என்ற இதய நோய் மாத்திரையை என் தமையனார் பல ஆண்டுகளாக அளவு பிசகாமல் விழுங்கி வருகிறார். அச்செடியைப் பற்றித் தங்கள் மருத்துவப் பகுதியில் எழுத நேர்ந்தால், 'நரிக் கையுறை' என்று பெயர்த்துவிடாமல், ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதி, அது எத்தகைய செடி என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஓரிடத்தில் மட்டும் நானும் தடுமாறுகிறேன். பள்ளி முகாம்களில் பிள்ளைகளை இடுப்பில் வாரிட்டுக் கட்டி, கம்பிவடத்தில் மேலிருந்து கீழே சறுக்கவிடும் விளையாட்டுக்கும் நம் நாட்டில் 'ஃபிளையிங் ஃபாக்ஸ்' என்றே பெயர். சென்ற விடுமுறையில் முகாமுக்குப் போய்வந்த என் பேரனிடம் 'வடச்சறுக்கு' என்று சொல்லிப் பார்த்தேன், அவன் சிரித்துவிட்டான். இதைவிட நல்ல சொல் தங்கள் ஆசிரியர் குழுவிடம் இருந்தால், அடுத்த ஞாயிறு பதிப்பில் வௌவாலுக்கான திருத்தத்தோடு அதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு