லிவியா மட்டும் ஏன் வில்லி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நம் பேப்பரில் ரோமானிய மன்னர்களைப் பற்றிய டிவி தொடர்களை அறிமுகம் செய்திருந்தீர்கள், நல்ல விஷயம். ஆனால் 1976-இல் பிபிசி எடுத்த ‘ஐ, கிளாடியஸ்’ பற்றிச் சொல்லும்போது, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா குடும்பத்தையே விஷம் வைத்துக் கொன்றவர் என்று வரலாறு மாதிரியே எழுதிவிட்டீர்கள். எனக்கு மனசே ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தொடரை மூன்று முறை பார்த்தவள் நான். லிவியாவாக வரும் சியான் பிலிப்ஸ் மாதிரி ஒரு நடிகை அமைவது அபூர்வம். அகஸ்டஸ் சாகும் காட்சியில் கேமரா அகஸ்டஸாக நடித்த பிரையன் பிளெஸ்ஸட்டின் முகத்தை விட்டு நகரவே நகராது, லிவியாவின் குரல் மட்டும் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும், அவர் பேசப் பேச அந்தக் கண்களில் இனி உயிர் இல்லை என்பது நமக்கு மெல்ல உறைக்கும். அப்புறம் தன் மகன், அடுத்த பேரரசராகப்போகும் திபேரியஸிடம், அத்திப்பழத்தைத் தொடாதே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். உடம்பு சிலிர்த்துப்போகும். இவ்வளவு நன்றாக நடித்ததால்தான் அந்தக் கதை இன்றைக்கு உண்மையாகவே நின்றுவிட்டது.

லிவியா அத்திப்பழத்தில் விஷம் தடவி அகஸ்டஸைக் கொன்றார் என்ற கதையை எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ, அகஸ்டஸ் செத்து ஏறக்குறைய 200 வருஷம் கழித்து எழுதியவர், அதையும் ஊர்ப்பேச்சாகத்தான் சொல்கிறார். இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் சுவேதோனியஸோ, அகஸ்டஸ் லிவியாவை முத்தமிட்டு, நம் இல்வாழ்க்கையை மறக்காதே என்று சொல்லியபடி உயிர்விட்டதாக எழுதியிருக்கிறார். சாகும்போது அகஸ்டஸுக்கு 76 வயது ஆகப்போகிறது, கல்யாணமாகி 50 வருஷத்துக்கு மேல். அந்தக் காலத்தில் அந்த வயதில் ஒருவர் சாக விஷம் எதற்கு? பேரன்களையும் லிவியாதான் கொன்றார் என்கிறார்கள். லூசியஸ் கி.பி. 2-இல் இறந்தது இன்றைய பிரான்ஸில் இருக்கும் மார்செய்யில், கையஸ் அர்மீனியப் போரில் பட்ட காயத்தோடு கி.பி. 4-இல் இன்றைய துருக்கியில். ரோமில் இருந்த ஒரு பெண்ணின் கை அங்கே வரைக்கும் எப்படி நீண்டது என்று யாரும் கேட்பதில்லை.

இதே தொடரில் பின்னால் பேரரசராகும் கிளாடியஸாக வரும் டெரிக் ஜாகோபியைப் பாருங்கள். அந்தத் திக்குவாயும் தலை நடுக்கமும் பார்க்கிறவரை அழவைத்துவிடும், நல்ல மனிதர் பாவம் என்றே தோன்றும். ஆனால் அவர் ஆட்சியில் 35 செனட்டர்களும் 300-க்கு மேற்பட்ட குதிரைப்படை வகுப்புப் பிரபுக்களும் கொல்லப்பட்டதாக அதே சுவேதோனியஸ்தான் எழுதியிருக்கிறார். அதெல்லாம் திரையில் பூசி மெழுகப்படுகிறது. ஆண் என்றால் எழுதிவைத்த கொலைகூட மறைந்துவிடுகிறது, பெண் என்றால் வதந்தியே குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2005-இல் எச்பிஓ எடுத்த ‘ரோம்’ தொடரிலும் இதே கதைதான். சிறுவன் ஆக்டேவியனாக, அதாவது பின்னால் அகஸ்டஸ் என்று பெயர் பெற்றவராக, மேக்ஸ் பிர்கிஸைப் போட்டது அருமையான தேர்வு, ஒல்லி உடம்பு, பதற்றமே இல்லாத பார்வை. சரி, அவன் அம்மா அதியாவை என்ன செய்தார்கள்? காமமும் சதியும் தவிர வேறு எதுவும் இல்லாத பெண்ணாகப் பாலி வாக்கரை நடிக்கவைத்தார்கள். பிள்ளை வளர்ப்புக்கு உதாரணமாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பெயர் சொல்லிப் புகழ்ந்த அம்மா அவர். கி.மு. 43-இல் இறந்தும் போனார். தொடரிலோ மகனின் வெற்றி ஊர்வலம் வரைக்கும் உயிரோடு இருந்து பழிவாங்கிக்கொண்டிருக்கிறார்.

லிவியாவை வைத்து எடுக்க நிஜத்திலேயே எவ்வளவு இருக்கிறது! உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் நின்ற அவர் அப்பா தற்கொலை செய்துகொண்டார். லிவியா கைக்குழந்தை திபேரியஸோடு ஊர் ஊராக ஓடினார், நேப்பிள்ஸில் ஒளிந்து கப்பல் ஏறப்போகும்போது குழந்தை அழுது இரண்டு தடவை காட்டிக்கொடுக்கப் பார்த்தது, ஸ்பார்ட்டாவை விட்டு ராத்திரியில் கிளம்பியபோது காட்டுத் தீயில் உடையும் தலைமுடியும் கருகின. யாருக்குப் பயந்து ஓடினாரோ அந்த ஆக்டேவியனையே பிறகு மணந்தார். இதைவிட ஒரு நடிகைக்கு என்ன வேண்டும்? 2021-இல் வந்த ‘டோமினா’ லிவியாவை நடுவில் வைத்து எடுக்கப்பட்டதால் கொஞ்சம் ஆறுதல்.

எங்கள் ஊர் அமராவதி மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன, அதனாலேயே எனக்கு இவர்கள்மேல் ஒரு பிடிப்பு. தமிழ்நாட்டில் கிடைத்தவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள்தான் நிறைய. அகஸ்டஸ் காசின் பின்புறம் அந்த இரண்டு பேரன்களும் கேடயங்களோடு நிற்பார்கள். திபேரியஸ் காசில் ஒரு பெண் ஒரு கையில் செங்கோலும் மறு கையில் மரக்கிளையுமாக அமைதியாக உட்கார்ந்திருப்பார், அது லிவியாதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த முறை இந்தத் தொடர்களைப் பற்றி எழுதும்போது, லிவியா விஷம் வைத்தார் என்பதற்கு முன்னால் ‘தொடரில்’ என்ற ஒரு சொல்லையாவது சேர்த்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்